ஊடு பாக்க வந்த பையன்

பையை நான் மடியில வெச்சுக்கறேன் அம்மிணி, நீ நல்லா தாராளமா ஒக்காரு. கீழ வெச்சா பிரேக் போடறப்ப உருண்டுரும். உள்ள எவர்சில்வர் போசி, போசிக்குள்ள மைசூர்பாகு. நான் காங்கேயம் போறேன், மகளைக் கட்டிக் குடுத்த ஊடு. சம்மந்தி ஊட்டுக்கு வெறுங்கையை வீசிக்கிட்டுப் போக முடியுமா? பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸு ஒண்ணு படியூர் வரைக்கும் போகுது. நான் அதுல ஏற மாட்டேன். தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்தா கலாமணிக்கு டிக்கெட்டுக்குக்கூட வழியில்லன்னு பேசுவாங்க. அந்தப் பேச்சு நமக்கு எதுக்கு?

போன் அடிச்சுக்கிட்டே இருக்குதுன்னு பாக்கறயா? அடிக்கட்டும். எங்க ஊட்டுக்காரருதான். நான் எடுக்க மாட்டேன்.

இன்னிக்குத் திருப்பூர்ல லோன் ஆபீஸ் மூடறதுக்குள்ள நான் போயி ஒரு கையெழுத்துப் போடோணுமாமா. போட்டா ஊடு நிக்குமாமா. போடாட்டி ஏலத்துக்குப் போயிருமாமா. போனாப் போவட்டும்னு நான் பஸ் ஏறிட்டேன். வாயிலதான் சொல்றேன் கண்ணு, போவட்டும்னு. ஆனா அந்தக் காயிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீயே கேளு, கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு சொல்லு.

எங்க ஊட்டுக்காரரு பேரு சென்னியப்பன். கட்டிங் மாஸ்டரு. திருப்பூர்ல போயிக் கேளு, பழைய கம்பெனிக்காரங்களுக்கெல்லாம் தெரியும். டேபிள்ல துணியை அடுக்கடுக்காப் பரப்பி மெஷினை ஓட்டினாருன்னா ஒரு நூலு அக்கட்டால இக்கட்டால போகாது. மொதலாளியே மாஸ்டர்னுதான் கூப்புடுவாரு, பேரு சொல்ல மாட்டாரு. எப்பவும் வெள்ளைச் சட்டை. அந்த மரியாதையை வெச்சுத்தான் நல்லூருக்கு அக்கட்டால எடம் வாங்கி ஊடு கட்டினோம். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி ஒண்ணுல லோன்.

லோன் வாங்கின கதையே தனிக் கதை. குடுக்கறதுக்கு முன்னால ஆளு வந்து பாப்பாங்கன்னு சொன்னாங்க. அப்ப நாங்க எடம் வாங்கின அதே வீதியில வாடகை ஊட்டுல இருந்தோம், ஒக்கார ரெண்டு பிளாஸ்டிக் சேருதான். இவரு பேசாம இருன்னாரு. நான் விடுவனா? பக்கத்து ஊட்டு ராஜாமணியக்காகிட்ட சோபாவைக் கேட்டு வாங்கி வெச்சேன். அவங்க காரை எங்க வாசல்ல நிறுத்தச் சொன்னேன். நம்ம காருன்னு நாங்க சொல்லல, அவங்களும் கேக்கல. வந்தவங்க பாத்தாங்க, டீ குடிச்சாங்க, போனாங்க. கேட்டதுக்கு மேலயே லோன் குடுத்தாங்க அம்மிணி. மாசா மாசம் டியூ எச்சா வந்துச்சுதான். வந்தா என்ன, ஊடும் பெருசா வந்துச்சுல்ல? மாடியில ஒரு ரூம்பு, வாசல்ல கிரானைட்டு. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவங்க எல்லாரும் வாயைப் பொளந்துட்டாங்க. நான் அன்னிக்குக் கட்டியிருந்த சேலையைப் பத்தி இன்னும் பேசறாங்க.

அப்பறம் கம்பெனி நின்னு போச்சு. வெளிநாட்டு ஆர்டரு வரலன்னாங்க, பாதி ஷிஃப்டுன்னாங்க, பொறகு கேட்டைச் சாத்திட்டாங்க. இவரு வயசுக்கு வேற கம்பெனியில மாஸ்டரா எடுக்க மாட்டேங்கறாங்க, எல்லாப் பக்கமும் கம்ப்யூட்டரு வந்துருச்சு. இருந்த நகை ஒவ்வொண்ணா அடகுக்குப் போச்சு. நான் யாருக்கும் மூச்சு விடல. கவரிங்கு வாங்கிப் போட்டுக்கிட்டேன். இந்தா, கழுத்துல கெடக்குதே, இது என்னன்னு நெனைச்சே? நீ பவுனுன்னுதான நெனைச்சே? அதான்.

ரெண்டு மூணு டியூ நின்னவொடன போன் மேல போன். எங்க ஊட்டுக்காரரு அந்த ஆபீஸுக்கு நடையா நடந்தாரு. ஐயா, ஓடி ஒளிய மாட்டேன், டியூவைக் கொறைச்சுக் குடுங்க, வருசத்தை எச்சாப் போட்டுக்கோங்க, கட்டிர்றேன்னு கேட்டாரு. அப்படி ஒரு வழி இருக்குதாமா. கஷ்டம் நெசந்தான்னு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதுமாமா. ஆளு அனுப்பறோம், ஊட்டை வந்து பாத்து ரிப்போர்ட் எழுதுவாங்கன்னு சொல்லி விட்டாங்க.

ஆளு வராங்கன்னு காதுல விழுந்தவொடன நான் என்ன பண்ணியிருப்பேன்னு நெனைக்கறே? ஊட்டுக்கு ஒரு ஆபீசரு வராங்க. மொத தடவை எப்படிச் செஞ்சு லோன் வாங்கினோமோ அப்படித்தான செய்யோணும்? இவரு வேண்டாம் கலா, வேண்டாம் கலான்னாரு. இந்த மனுசனுக்கு எப்பவுமே ஒண்ணும் தெரியாது. ராஜாமணியக்கா சோபாவே மறுபடியும் வந்துச்சு. சன்னலுக்குப் புதுசா ஸ்கிரீன் துணி. காலையிலயே நாட்டுக்கோழி வாங்கி மசாலா அரைச்சுக் கொழம்பு வெச்சேன். அந்தக் கோழிக்கு வெளக்கு மாடத்துல இருந்த வெள்ளிக் குங்குமச் சிமிழு போச்சு, அது வேற கதை. ராஜாமணியக்காகிட்ட ஆரம் ஒண்ணை எரவல் வாங்கிப் போட்டுக்கிட்டேன். இவரைத் தேச்ச சட்டையைப் போட்டு சோபாவுல ஒக்கார வெச்சேன்.

வந்தது சின்னப் பையன். இசக்கிராஜுன்னு பேரு, தென்காசிப் பக்கமாமா. அவன் பேசறது நமக்குச் சிரிப்பா இருக்கும், ஆனா மரியாதையான பையன். செருப்பை வாசல்லயே விட்டுட்டு வந்தான். மாசம் என்ன வருது, என்ன போகுதுன்னு கேட்டான். எங்க ஊட்டுக்காரரு வாயைத் தொறக்கறதுக்குள்ள நானே சொல்லிட்டேன். எங்களுக்கு என்ன தம்பி கொறை, மக காங்கேயத்துல நல்ல எடத்துல இருக்கறா, சம்மந்தி தோப்புக்காரங்க, சும்மா ஒரு வார்த்தை கேட்டு வெச்சோம், குடுத்தாக் குடுங்க, குடுக்காட்டி நாங்க கட்டாமயா போயிருவோம்னு சொன்னேன். எங்க ஊட்டுக்காரரு தலையைக் குனிஞ்சவருதான், நிமுரவே இல்ல. எலையைப் போட்டேன். வேண்டாம்மா வேண்டாம்மான்னான், நான் விட்டாத்தான? கொழம்பை ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்புட்டான். போறப்ப பை நெறையக் கொய்யாக்காயும் குடுத்து விட்டேன்.

அந்தப் பையன் போயி என்ன எழுதினான் தெரியுமா? வசதியான குடும்பம், டியூவைக் கொறைக்க வேண்டிய தேவை இல்ல. அம்புட்டுத்தான். சாப்புட்ட கை ஈரம் காயறதுக்குள்ள எழுதியிருப்பான். இதைத்தான் அம்மிணி என்னால இன்னிக்கு வரைக்கும் தாங்க முடியல. ஒருத்தரு ஊட்டுல ஒக்காந்து கோழிக்கொழம்பு சாப்புட்டுட்டு இப்படி எழுத யாருக்காச்சும் மனசு வருமா? எங்க ஊட்டுக்காரருகிட்டச் சொன்னா, அவன் பாத்ததைத்தான கலா எழுதினான்கறாரு. எப்பவும் ஊராருக்குத்தான் பரிஞ்சு பேசுவாரு.

அதுக்கப்பறம் ஒரு நாளு கேட்டுல நோட்டீசு ஒட்டிட்டுப் போயிட்டாங்க. நல்லவேளை, வாசல் தெளிக்கப் போனப்ப நாந்தான் பாத்தேன். பால்காரரு வர்றதுக்குள்ள தண்ணியைத் தொட்டுத் தொட்டுச் சொரண்டி எடுத்துட்டேன். நகமெல்லாம் வலி. ராஜாமணியக்கா எட்டிப் பாத்தாங்க. கார்ப்பரேசன்ல இருந்து என்னமோ கணக்கெடுப்புன்னு சொல்லிட்டேன். அவங்களும் அப்படியான்னுட்டுப் போயிட்டாங்க. நல்ல மாதிரி, ஒண்ணும் துருவ மாட்டாங்க.

அந்தச் சமயத்துல இவருக்கு வேல கெடைச்சுது. காங்கேயம் ரோட்டுல ஒரு எடத்துல கூப்புடறாங்கன்னாரு. மாஸ்டர் வேலைதானன்னு கேட்டேன், ம்னு சொன்னாரு. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுக் காலையில போவாரு, பொழுதோட வருவாரு. தொவைக்கறப்ப சட்டையெல்லாம் தேங்கா எண்ணெய் வாசம். தலைக்கு இம்புட்டு எண்ணெயா வெப்பாங்கன்னு சத்தம் போட்டேன்.

சம்மந்திங்க நல்லவங்க அம்மிணி, அதையும் சொல்லோணும். கொஞ்ச நாளா சம்மந்தியம்மா மாசா மாசம் ஒரு சிப்பம் அரிசி குடுத்து விடறாங்க. கூடவே தேங்கா, எண்ணெய், பருப்பு. தோப்புல எச்சாக் காய்ச்சுப் போச்சு, ஊட்டுல வெச்சா வண்டு விழுகும்னு சொல்லி விடுவாங்க. நம்ம மேல அம்புட்டு மரியாதை. நானும் சும்மா இருக்க மாட்டேன், பதிலுக்கு ஒரு இனிப்பு, ஒரு பாத்திரம்னு எடுத்துட்டுப் போவேன். இந்தப் போசிகூட அதுக்குத்தான்.

இனிதான் விசயமே. பேரனுக்குக் காதுகுத்து, சிவன்மலையில. நான் மொத நாளே போயிட்டேன். இவரு வேல இருக்குது, விடிஞ்சு வர்றேன்னாரு, வரவே இல்ல. கலியாணப் பட்டுதான் கட்டியிருந்தேன். ஆரம் ராஜாமணியக்காளுது, மத்தியானத்துக்குள்ள திருப்பிக் குடுக்கோணும், அவங்களும் ஒரு விசேசத்துக்குப் போகோணும். அதனால பந்தியில ஒக்காந்ததும் ஒக்காராததுமா வெரசாக் கெளம்பி ஊட்டுக்கு வந்தேன். வாசல்ல செருப்பு. யாருதுன்னு உள்ள பாக்கறேன், அந்தத் தென்காசிப் பையன்.

இவருதான் போயிக் கையில கால்ல விழுந்து மறுக்காக் கூட்டிட்டு வந்திருக்கறாரு. நான் ஊட்டுல இல்லாத நாளாப் பாத்து! சோபா இல்ல. அந்தப் பிளாஸ்டிக் சேருல அவன், தரையில இவரு. பீரோ தொறந்து கெடக்குது. அடகுக்கடைச் சீட்டெல்லாம் தரையில பரத்திக் கெடக்குது. அரிசி ட்ரம்முகூட மூடியில்லாம இருந்துச்சு. இவரு ரெண்டு கையையும் அவன் முன்னால விரிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கறாரு. கையெல்லாம் வெட்டு, தோலு உரிஞ்சு கெடக்குது.

அவரு சொன்னது எனக்கு ஒரு வார்த்தை மறக்கல. "தம்பி, அன்னிக்கு நீங்க பாத்தது எங்க ஊடு இல்லீங்க. இதுதானுங்க எங்க ஊடு. நான் இப்ப கொப்பரைக் களத்துல தேங்கா ஒடைக்கறேன். இந்தக் கையில எவ்வளவு முடியும்னு பாத்து நீங்களே ஒரு டியூ போடுங்க, கட்டிர்றேன்."

சொல்லிட்டு அழுதாரு. கட்டிங் மாஸ்டரு. அவங்கம்மா செத்தப்பக்கூட அழுவாத மனுசன். யாரோ ஒரு பையன் முன்னால ஒக்காந்து அழுவறாரு. நான் வாசல் நெலையில பட்டுச் சேலையோட நிக்கறேன், கழுத்துல எரவல் ஆரம். அந்தப் பையன் என்னைப் பாத்துட்டு எந்திரிச்சு, "வாங்கம்மா, உக்காருங்க"ன்னு சேரைத் தள்ளி விட்டான். என்ற ஊட்டுல என்னையே வாங்கன்னு சொல்றான் அம்மிணி. பூமி பொளந்து உள்ள போயிர மாட்டமான்னு இருந்துச்சு. அன்னிக்கு அவன் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. அது வேற எனக்கு அவமானம்.

அன்னிலருந்து நான் இவருகூடப் பேசறதில்ல. சோத்தைப் போட்டு வெப்பேன், அவரே எடுத்துச் சாப்புட்டுக்குவாரு. அவரு கை வெட்டுக்குன்னு ராவோட எந்திரிச்சு மஞ்சளும் எண்ணெயும் காச்சிக் கிண்ணத்துல வெச்சிருவேன், அவரே போட்டுக்குவாரு. பேச்சு மட்டும் இல்ல.

போன வாரம் வந்து சொன்னாரு, ஒத்துக்கிட்டாங்களாமா. டியூ பாதிக்குப் பாதி. வருசத்தை நீட்டிப் போட்டிருக்காங்க. வட்டியிலயும் கொஞ்சம் தள்ளுபடி. அந்தப் பையன் மேலாபீசுல சண்டையே போட்டானாமா. எனக்கு உள்ளுக்குள்ள குளுந்து போச்சு, பொய் சொல்லக் கூடாது. ஊடு நின்னுருச்சுன்னு சாமி படத்துக்கு முன்னால போயி நின்னேன். அப்பறந்தான் சொல்றாரு, லோன்ல என்ற பேரும் இருக்குதாமா, நானும் கையெழுத்துப் போடோணுமாமா. அப்ப மட்டும் வாயைத் தொறந்து, என்ன எழுதியிருக்குதுன்னு படிக்கச் சொன்னேன். படிச்சாரு. எங்களுக்கு வருமானம் போயிருச்சு, நாங்க கஷ்டத்துல இருக்கறோம், இப்ப இருக்கற டியூவை எங்களால கட்ட முடியல, நாங்களாக் கேட்டுத்தான் கொறைச்சு வாங்கறோம்.

அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடோணுமாமா. கலாமணின்னு. எங்களால முடியலன்னு என்ற கையால எழுதிக் குடுக்கறது. நாளைக்கு அது சுத்திச் சுத்திக் காங்கேயம் போச்சுன்னா? சம்மந்தி காதுல விழுந்தா என்ற மக அந்த ஊட்டுல எப்படித் தலை நிமுந்து நடப்பா? மருமகன் நாளைக்கு ஒரு சொல்லு சொல்லிட்டா? இவருக்கு இதெல்லாம் புரியாது. ஊடு போனா வாடகைக்குப் போயிக்கலாம், மாடி வெச்ச ஊட்டை வித்துப்போட்டோம்னு சொல்லிக்கலாம். வித்தோம்னு சொன்னா கவுரவந்தான? அதான் காலையில போசியை எடுத்தேன், கடையில மைசூர்பாகு வாங்கினேன், நாலு நாளைக்குச் சம்மந்தி ஊட்டுல இருந்துட்டு வர்றதுன்னு கெளம்பிட்டேன். இன்னிக்கு ஒரு நாளு தாண்டிட்டாப் போதும்.

இரு, இது அவரு இல்ல. மக கூப்புடறா.

சொல்லு சாமி. பஸ்ஸுலதான் வர்றேன். நல்லா சீட்டு கெடைச்சு ஒக்காந்துதான் வர்றேன். என்னது? அப்பா எதுக்கு உனக்குப் போன் பண்ணினாரு? என்ன கையெழுத்து? அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா பேங்கு விசயம். யாரு சொன்னது? அத்தையா? அத்தைக்கு எப்படித் தெரியும்? என்னது, மாமாவா? எப்பருந்து? அழுவாத சாமி. இல்ல, நான் அழுவல. பஸ்ஸு சத்தம். ம். ம். சரி, வெய்யி.

வெச்சுட்டா.

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடு கண்ணு.

அந்தக் களத்துல இவருக்கு வேல வாங்கிக் குடுத்ததே சம்மந்திதானாமா. அவரு தம்பி களமாமா. யாரு களம்னு நான் கேக்கவே இல்ல பாரு. கம்பெனி மூடின மாசமே மருமகனுக்குத் தெரிஞ்சு போச்சாமா. எல்லாருக்கும் தெரியுமாமா. நான் ஆரத்தைப் போட்டுக்கிட்டுக் காதுகுத்துல பந்தியை வெசாரிச்சுக்கிட்டு நின்னனே, அப்ப அங்க இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அம்மாகிட்ட யாரும் கேட்டுறாதீங்க, மனசு ஒடைஞ்சுருவாங்கன்னு சம்மந்தியம்மாதான் சொல்லி வெச்சிருக்கறாங்க. அந்த அரிசி. தோப்புல எச்சாக் காய்க்கறது தேங்காதான? அரிசி எப்படி அம்மிணி தோப்புல காய்க்கும்? இதுகூட எனக்குத் தோணல.

மொதல்ல கையெழுத்தைப் போட்டுட்டு வரச் சொல்லு, எம்புட்டு நேரமானாலும் சோறு எடுத்து வெக்கறோம்னு அந்தம்மா பக்கத்துல இருந்து சொல்லிச்சாமா.

நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். மூஞ்சியை அப்படி வெச்சுக்காத, எனக்கு இன்னும் அழுகை வந்துரும்.

இதென்ன, படியூரா? ஏனுங் கண்டக்டரு, நிறுத்துங்க, எறக்கம் இருக்குது. டிக்கெட்டு காங்கேயத்துக்குத்தான் எடுத்தேன், அதனால என்ன, காசு குடுத்தது நான்தான? எதுக்கால நிக்குது பாரு, திருப்பூர் டவுன் பஸ்ஸு. பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாததுதான். பரவால்ல, அவசரத்துக்கு எதுல ஏறினா என்ன.

அம்மிணி, உன்றகிட்ட பேனா இருக்குதா? எழுதுமா? அந்த ஆபீஸுல கேட்டாக் குடுப்பாங்கதான், ஆனா அவங்க பேனாவுல நான் போட மாட்டேன். எரவல் கேக்கறேன்னு நெனைச்சுக்காத கண்ணு. இந்தா, இந்தப் போசியை நீ வெச்சுக்கோ.